நின்றதென்று யாரும் சொல்லாத பிற்பகல்

அமலாபுரம் உயிர்நலச் சங்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் எங்கள் வகுளாதேவி அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்தவர்கள் அன்போடும் சிறிது அச்சத்தோடும் வாசித்தளிப்பது:

கருணையைக் காவலாய்க் கொண்டவரே! கத்தாமலே கல்நெஞ்சைக் கலங்கவைத்தவரே! பேசாமல் இருந்தே பிறரைப் பேசவைத்த பெருந்தகையே!

உங்களைப் போற்றி எழுத உட்கார்ந்தபோது எங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது உங்கள் பேச்சு அல்ல, உங்கள் மௌனம். சிறகு விரிக்க இடமில்லாத கூண்டுக் கோழிகளின் முட்டையை வாங்குவதில்லை என்று இந்த வட்டாரத்து ரொட்டிக்கடைகள் முடிவெடுத்தது உங்களால். பள்ளி வாசல்களில் சாயம் தோய்த்த கோழிக்குஞ்சு விற்பது ஒழிந்ததும் உங்களால். எலிக்குப் பசை அட்டை வைத்த ஜவுளிக்கடை முதலாளியிடம் நீங்கள் ஒரு குறையும் சொல்லவில்லை. கடை திறக்கும் முன், மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, பட்டுப்புடவை அடுக்குக்குப் பக்கத்தில் அவரோடு தரையில் உட்கார்ந்தீர்கள். அடுக்குக்குப் பின்னால் பசையில் ஒட்டிய ஏதோ ஒன்று தன் காலைத் தானே கடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை அவர் முழுதாகக் கேட்டார். அட்டைகள் அன்றே போயின. அந்த அடுக்கிலிருந்து மட்டும் அவர் இன்றுவரை தன் கையால் புடவை எடுப்பதில்லை.

ஆனால் இவற்றுக்கெல்லாம் தலையாயது ஒன்று உண்டு. நீங்கள் எங்களிடம் சொன்னபடியே அதை இந்த அவைக்குச் சொல்ல அனுமதி தாருங்கள்.

அவையோரே! கைபேசி வராத காலம் அது. ஆற்றங்கரையில் புஜங்கராவ் காரு ஒரு கல்லூரி நடத்திவந்தார். மருத்துவராக ஆசைப்படும் பிள்ளைகளுக்கான கல்லூரி; கிளைகளும் பல. ஆண்டுதோறும் சிராவண மாதத்தில் அங்கே ஒரு போட்டி நடக்கும். மாணவர்கள் தவளையை அறுத்து, இதயத்தை எடுத்து, உப்புநீர்க் கிண்ணத்தில் இடுவார்கள். தவளையின் இதயம் உடலை விட்டு வந்த பிறகும் வெகுநேரம் துடிக்கும். யாருடைய கிண்ணத்தில் கடைசிவரை துடிக்கிறதோ, அந்தப் பிள்ளைக்கு மருத்துவ இடம் உறுதி என்று ஊரே நம்பியது. தாய்மார்கள் கிண்ணத்தின் விளிம்பில் குங்குமம் வைத்துவிட்டு வராந்தாவில் கைகூப்பி நிற்பார்கள். மற்றவை அடங்கி ஒன்று மட்டும் மிஞ்சியதும் கைதட்டல், பரிசு, புகைப்படம். பிறகு அதைக் கழுவுதொட்டியில் கொட்டிவிடுவார்கள்.

அந்த ஆண்டு போட்டி நாளிலேயே புஜங்கராவின் மகள் ஹிமபிந்துவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை டாக்டர். கல்லூரியின் பெருமையைச் சம்பந்தி வீட்டார் கண்ணால் பார்க்கட்டும் என்று, காலையில் போட்டி, பிற்பகலில் வளாகத்துக்குள்ளேயே இருந்த வீட்டில் தாம்பூலம் என அவரே ஏற்பாடு செய்திருந்தார். பெண்ணின் தகப்பன் கைநீட்டித் தட்டு வாங்காமல் அங்கே எதுவும் தொடங்காது.

எத்தனையோ முறை போட்டியை நிறுத்தும்படி கேட்டுத் தோற்றிருந்த வகுளா காரு, அன்று அழைப்பில்லாமல் ஆய்வுக்கூடத்துக்குள் போனார். சம்பந்திகள் முன்னிலையில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"மிஞ்சுறதைக் கொட்டாதீங்க. அது நிக்கிறவரைக்கும் பக்கத்துல உக்காருங்க. நின்னுடுச்சுன்னு உங்க வாயால சொல்லுங்க. அப்புறம் உங்க காலேஜ் எதுலயும் நான் கால் வைக்க மாட்டேன்."

புஜங்கராவ் சிரித்தார். "இவ்வளவுதானா? ஒரு காபி குடிக்கிற நேரம்மா. சரி, சொல்லிட்டேன், உக்கார்றேன்."

கிண்ணங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ஒன்று மிஞ்சியது. வகுளா காரு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இது சீக்கிரம் நின்றுவிட்டால் அத்தனை கல்லூரிக் கதவுகளும் தனக்கு மூடிவிடும். நிற்காதே, நிற்காதே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டவருக்கு, வராந்தாவில் நிற்கும் தாய்மாரும் இதையே வேண்டித்தான் குங்குமம் வைத்தார்கள் என்று உறைத்தது. அவரும் அந்தப் போட்டிக்குள்தான் இருந்தார்.

துடிப்புகளுக்கு இடையே இடைவெளி நீண்டது. ஒரு கட்டத்தில் புஜங்கராவ் நிமிர்ந்து, "நின்னுடுச்சு" என்றார். அது துடித்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

மீண்டும் காத்திருந்தார்கள். நீர் கண்ணாடி போலக் கிடந்தது. "சரி, இப்ப நின்னுடுச்சு" என்றார். துடித்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசைப் பிள்ளைகள் பின்னால் நகர்ந்தார்கள்.

மூன்றாம் முறை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. உதடு மட்டும்தான் அசைந்தது. அதற்கும் அது துடித்தது.

அதன்பின் அவர் காபியைத் தொடவில்லை. சம்பந்தி வீட்டார் போய்ச் சேர்ந்திருந்த வீட்டுப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த மேளம் அவருக்காகக் காத்து ஓய்ந்துபோனது. அவர் மனைவியின் தம்பி பாப்பய்யா வேர்க்க விறுவிறுக்க வந்து, நேரம் தப்புகிறது, மாப்பிள்ளையின் தாயார் முகம் மாறுகிறது என்று முறையிட்டார். புஜங்கராவ் கிண்ணத்தை விட்டுக் கண்ணெடுக்காததால் அவர் குரல் உயர்ந்தது.

"என்ன பாவா இது? பெத்த பொண்ணு நிச்சயத்துக்கு ஆள் இல்ல, தவளை சாவுக்கு மட்டும் பந்தல்ல மொத ஆளா உக்காந்திருக்கீங்க. அது வெறும் சதை. கொட்டிட்டு வாங்க."

வெறும் சதைதான் என்று புஜங்கராவும் ஒப்புக்கொண்டார். ஆண்டுதோறும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு தொட்டியருகே போனார். வகுளா காரு தடுக்கவில்லை. கிண்ணம் சரிந்தது. நீர் விளிம்புக்கு வந்தது, கூடவே அதுவும் வந்து, விளிம்பைப் பிடித்திருந்த அவர் கட்டைவிரலில் ஒட்டியது. அங்கே துடித்தது. அவர் கை அப்படியே நின்றது. கொட்டவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

அப்போது பட்டுச்சேலை சரசரக்க ஹிமபிந்துவே வந்துவிட்டாள். அப்பாவின் கையைப் பார்த்தாள். மாமனைப் போல அவள் அவசரப்படுத்தவில்லை.

"நான்னா, உயிரோட இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் தன் கட்டைவிரலை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, "இருக்கும்மா" என்றார்.

"அப்போ நான் இருக்கேன்" என்று ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவள் உட்கார்ந்தாள். அவளைத் தேடிவந்த மாப்பிள்ளை, விரலில் ஒட்டியிருந்ததை மெல்ல நீருக்குள் இறக்கி, கிண்ணத்தை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, அடுத்த நல்ல நேரம் பார்க்கச் சொல்லித் தன் தாயாரிடம் ஆள் அனுப்பினார். முகூர்த்தம் கடந்தது. அறையில் இருந்த ஒருவரும் எழுந்து போகவில்லை. மழை வந்தது, ஓய்ந்தது. ஜன்னலுக்கு வெளியே குளக்கரை நெடுகத் தவளைகள் இருந்தும், ஒன்றுகூடக் கத்தவில்லை.

புஜங்கராவ் கிண்ணத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "அம்மா, இனிமே இது எந்தக் கிளையிலயும் வேண்டாம். நான் பாத்துக்கறேன். நீங்க எப்ப வேணும்னாலும் உள்ள வரலாம்."

அது அப்போது துடித்ததா என்று யாரும் பார்க்கவில்லை. அதன்பின் பார்க்க யாருக்கும் துணிவும் இல்லை. கிண்ணத்தின் மேல் ஒரு வாழையிலைத் துண்டை மூடிவிட்டு எல்லோரும் வெளியேறினார்கள். நின்றுவிட்டது என்று அவர் கடைசிவரை சொல்லவே இல்லை. அந்த அறை பிறகு ஆய்வுக்கூடமாக இருக்கவில்லை. வேறு எதுவாகவும் அது ஆகவில்லை. பூட்டியே கிடக்கிறது.

அம்மையாரே! அன்றைக்கு வென்றோம் என்று நீங்கள் ஒருநாளும் பெருமை பேசியதில்லை. கேட்டால், "நானும்தான் வேண்டிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவீர்கள். எந்த முதலாளியின் முன் அமர்ந்தாலும் அவரைக் குற்றவாளியாக நீங்கள் பார்க்காததன் காரணம் அதுதான் என்று பிந்தித்தான் புரிந்துகொண்டோம். வரும் வாரம் வேறொரு கல்லூரியில், வேறொரு முதல்வர் அருகில், நாங்கள் உட்காரப் போகிறோம். எழுந்து ஓடிவிடாமல் இருக்க எங்களுக்கு உங்கள் ஆசி வேண்டும்.

ஓய்வில் உங்கள் உடல்நலம் ஓங்கட்டும், உறக்கம் இனிக்கட்டும். உங்கள் இதயம் நெடுங்காலம் துடிக்கட்டும். அதைக் குனிந்து பார்த்துக்கொண்டு யாரும் காத்திருக்க வேண்டாம்.

உங்கள் அன்பு மாறா
சங்கப் பணியாளர்கள்,
அமலாபுரம்