கற்பூரத் தவணை

இந்தக் கோடையிலும் என் பாத்தியில் நூல்கோல் வாடவில்லை, பார்த்தீர்களா இன்ஸ்பெக்டர் ஸ்வாமி? போகும்போது வீட்டுக்கு நாலு பறித்துக்கொண்டு போங்கள். லஞ்சம் இல்லை, காய்தான். நீங்கள் கேட்க வந்ததையும் சொல்கிறேன். உங்கள் ஜவானை நிதானமாக எழுதச் சொல்லுங்கள், நான் எதையும் மறைக்கிறவன் இல்லை.

பெண்டாட்டி செத்ததைப் பற்றி நஞ்சப்பன் ஸ்டேஷனில் மனு கொடுத்திருக்கிறான் என்றார்கள். அவள் செத்ததைவிட அதுதான் எனக்கு உறைத்தது. பட்டாளம் இருக்கிற தண்டுக்கும் பழைய ஊரான பேட்டைக்கும் நடுவில் இந்த ஏரியை நம்பி எங்கள் ஜனம் மூன்று தலைமுறையாகத் தோட்டம் போடுகிறது. அடிதடி, வரப்புச் சண்டை, கட்டினவளை விட்டுவிட்டு ஓடினவன் வழக்கு, எல்லாவற்றையும் எங்கள் அம்மன் கோயில் முன்னால் உட்கார்ந்து நாங்களே தீர்த்துக்கொண்டோம். போலீஸ் கச்சேரி வாசலை மிதித்தவன் கிடையாது. கூட்டத்துக்குத் தலைமையாக இருக்கிறவனை எஜமான் என்போம். என் தாத்தா எஜமான், என் அப்பா எஜமான், இப்போது நான். மதகுச் சாவி என் இடுப்பில் இருக்கும். யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்பதை நான்தான் சொல்வேன்.

மாசியில் ஏரியில் கணுக்கால் தண்ணீர்தான் மிச்சம். ஒரு நாள், மறுநாள் நஞ்சப்பன் முறை என்று இருந்தது. அன்று முற்பகல் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் காயை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் மதகு திறந்து, இருந்த தண்ணீரும் போய்விட்டது. நஞ்சப்பனுடைய கோசு, அவனுக்குக் கீழே இருந்த நாலு தோட்டத்து நாற்று, எல்லாம் கருகின. எனக்கும் வருத்தம்தான். ஜனங்கள் கூடிப் பேசினார்கள். அப்போது நஞ்சப்பன் எழுந்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் மன்னித்திருப்பேன்.

"எஜமானே, இந்த வெயில்ல யாரு பாத்தி ஈரமா இருக்குன்னு எல்லாரும் ஒரு நடை போய்ப் பாத்துட்டு வரலாமா?" என்றான்.

இரண்டு பேர் சிரித்தார்கள். என் தாத்தா உட்கார்ந்த கல்லின்மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன், என் எதிரில் சிரித்தார்கள். நான் நிதானமாகச் சொன்னேன். என் பாத்தியில் இருப்பது என் கிணற்றுத் தண்ணீர். மதகருகே மண்வெட்டியோடு நஞ்சப்பன் நின்றதை நான் பார்த்தேன். ஒரு நாள் பொறுக்காமல் பூட்டை நெம்பித் திறந்தான், மூடத் தெரியாமல் தண்ணீரைப் பாழாக்கினான். எஜமான் கண்ணால் பார்த்தேன் என்றால் எங்களிடம் அது சாட்சி. எஜமானைச் சத்தியம் கேட்கும் வழக்கம் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவன்தான் இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டும்.

சத்தியம் என்றால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையில் வைத்து, அம்மன் முன்னால் அணைப்பது. அமாவாசையில் அணைத்தால் அடுத்த அமாவாசை வரை தவணை. அதற்குள் அவன் வீட்டில் ஒரு சாவோ பெரிய நோயோ வந்தால் சத்தியம் பொய். ஒன்றும் வராவிட்டால் அவன் யோக்கியன். பழி சொன்னவன் எஜமானாகவே இருந்தாலும் சாவியைக் கீழே வைத்துவிட்டு இறங்க வேண்டும். தவணை முடிகிற வரைக்கும் சத்தியம் செய்தவன் வாசலை யாரும் மிதிக்கக்கூடாது. மிதித்தால் அவர்களுக்கும் ஏரித் தண்ணீர் நின்றுவிடும். பிரசவம், தீ விபத்து மாதிரி ஆபத்துக்கு மட்டும் எஜமான் உத்தரவு கொடுக்கலாம்.

அவன் சத்தியம் செய்வான் என்று நான் நினைக்கவே இல்லை. அவன் பெண்டாட்டி அக்கையம்மாள் நிறைமாதக் கர்ப்பிணி. வயிற்றுப்பிள்ளைக்காரி புருஷன் எங்களில் தேங்காய்கூட உடைக்க மாட்டான், பாடை தூக்க மாட்டான், சத்தியம் செய்யவே மாட்டான். தயங்கி நிற்பான், நின்றால் குற்றவாளி, அபராதத்தோடு முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அதற்காகத்தான் பிரசவத்துக்கு முந்தின அமாவாசையிலேயே சத்தியத்துக்குக் கூட்டத்தைக் கூட்டினேன். அவனும் தயங்கினான். அந்தப் பெண்தான் கெடுத்தாள். பெண்கள் பக்கத்திலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"செய்யாதத செய்யலன்னு சொல்றதுக்கு என்னய்யா பயம்? வயித்துல இருக்கறதும் கேட்டுக்கட்டும். போய் அணைச்சிட்டு வா."

அணைத்தான். கரிந்த உள்ளங்கையை எல்லோருக்கும் விரித்துக் காட்டினான். அன்று ஜனங்கள் அவனைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். என்னை இதுவரை அப்படி யாரும் பார்த்ததில்லை.

பிறகு நாட்கள் போயின. அவன் வீட்டில் ஒரு தும்மல்கூட இல்லை. தாழ்வாரத்தில் உட்கார்ந்து அவன் வீட்டுக் கூரைப் புகையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சாவியைக் கீழே வைப்பதைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். என்னால் முடியாது. முடியாததை முடியாது என்று சொல்வதில் என்ன வெட்கம்?

அமாவாசைக்குச் சில நாள் இருக்கும்போது, நான் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் மருத்துவச்சி பாகீரதி வந்தாள். எங்கள் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் அவள் கையில் விழுந்ததுகள்தான். அக்கையம்மாளுக்கு விடிகாலையிலிருந்து வலி, பிள்ளை குறுக்கே கிடக்கிறது போலிருக்கிறது, உத்தரவு கொடுத்தால் போகிறேன் என்றாள். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை, ஸ்வாமி. இதை நன்றாக எழுதச் சொல்லுங்கள். சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன், உட்கார் என்றேன். அன்று களியும் கீரை மசியலும். நான் மெதுவாகச் சாப்பிடுகிறவன், ஊருக்கே தெரியும். பாகீரதிக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு பேருக்கும் ஏரித் தண்ணீரில்தான் தோட்டம். அவள் உட்கார்ந்தாள்.

அப்புறம் நஞ்சப்பனே வந்து படலுக்கு வெளியே நின்றான். உள்ளே வரவில்லை, அதுவரைக்கும் மரியாதை தெரிந்தவன்தான்.

"எஜமானே, தண்ணிய நான்தான் தெறந்தேன். கூட்டத்துல சொல்றேன், காலுல விழறேன். பாகீரதியம்மாவ அனுப்புங்க" என்றான்.

நீங்கள் இதைத்தான் கேட்கப் போகிறீர்கள். அவனே ஒப்புக்கொண்டானே, சாவி உன் இடுப்பிலேயே இருந்திருக்குமே, அப்போதாவது அனுப்பியிருக்கலாமே என்று. நானும் யோசித்தேன். வலியில் கிடக்கிற பெண்டாட்டிக்காக ஒருவன் சொல்கிற வார்த்தை நியாயத்தில் நிற்குமா? நாளைக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அன்றைக்குப் பயத்தில் சொன்னேன் என்பான். எல்லோரும் நம்புவார்கள். மறுபடி சிரிப்பார்கள். தவிர, கற்பூரம் அணைத்தவன் நடுவில் பேச்சை மாற்றுவது அம்மனுக்கு அவமரியாதை. அதை அவனிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவன் படலைப் பிடித்துக்கொண்டே நின்றான். பிறகு அவன் வீட்டுப் பக்கமிருந்து அவள் கத்தும் சத்தம் கேட்டது. ஓடிப் போனான்.

கை கழுவினேன். வெற்றிலை போட்டேன். சுண்ணாம்பு காய்ந்திருந்தது, புதிதாகக் குழைத்துக்கொண்டேன். பாகீரதி அதுவரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் இறங்கி, அந்தச் சத்தமும் நின்றபிறகு, இப்போது போகலாம் என்றேன். போனாள். அன்றிலிருந்து என் வீட்டு வாசல் வழியாக அவள் நடப்பதே இல்லை.

தாயும் போனாள், பிள்ளையும் போனது. அமாவாசையன்று கூட்டத்தில் எல்லோரும் அம்மன் தீர்ப்பு சொல்லிவிட்டாள் என்றார்கள். சிரித்த இரண்டு பேரும்தான் முதலில் சொன்னார்கள். நஞ்சப்பனுடைய தண்ணீர் முறை வழக்கப்படி எஜமானுக்குச் சேர்ந்தது.

மருத்துவச்சி இல்லாமல் பிள்ளை பிறப்பதில்லையா, ஸ்வாமி? பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே பெற்றவர்கள் எங்களில் இருக்கிறார்கள். அம்மன் நினைத்திருந்தால் அந்தப் பிள்ளையை வெளியே கொண்டுவர எத்தனை நேரம் ஆகும்? அவள் நினைக்கவில்லை. அப்படியென்றால் அந்த வீட்டில் ஏதோ குற்றம் இருந்திருக்கத்தானே வேண்டும்? நான் ராத்திரி படுத்தால் நன்றாகத் தூங்குகிறேன். குற்றவாளிக்குத் தூக்கம் வருமா, நீங்களே சொல்லுங்கள்.

மதகை யார் திறந்தது என்றா கேட்கிறீர்கள்? நான்தான். சாவி என்னிடம்தானே இருந்தது, வேறு யார் திறக்க முடியும்? நூல்கோல் நாற்று அன்றைக்கே வாட ஆரம்பித்திருந்தது, ஒரு நாள் தாங்கியிருக்காது. நஞ்சப்பனை மதகருகே நான் பார்க்கவும் இல்லை. பாகீரதியை வேண்டுமென்றேதான் உட்கார வைத்தேன். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன். ஆனால் நான் பொய்ச் சத்தியம் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தப் பாவம் எங்கள் வம்சத்தில் யாருக்கும் கிடையாது. என் கையில் யாரும் கற்பூரத்தை வைக்கவில்லை.