தெளிந்த சுண்ணாம்பு நீர்

மூக்கை நம்பி நான் யாருக்கும் மதிப்பெண் போட்டதில்லை, ஐயா. ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகள் சோதனைக்குழாயை முகர்ந்து பார்த்துவிட்டு அம்மோனியா என்று எழுதிவிடுவார்கள். விடை சரிதான். ஆனாலும் பூஜ்யம் போடுவேன். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்த கண்ணாடிக் குச்சியைக் காட்டி, வெள்ளைப் புகை கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டாமா? வீட்டிலும் அப்படித்தான். "உப்பு போட்டேனான்னு ஞாபகமே இல்லீங்க" என்று என் மனைவி சொன்னால் நான் நாக்கில் வைத்துப் பார்ப்பதில்லை. பாத்திரத்தில் சில்வர் நைட்ரேட் விடுவேன். தயிர் போல வெள்ளையாகத் திரண்டால் குளோரைடு இருக்கிறது. சாப்பாட்டைக் கொட்டத்தான் வேண்டியிருக்கும். ஆனால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மச்சானைப் பற்றித்தானே கேட்டீர்கள். என் மனைவியின் அண்ணன். ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று பெட்டியோடு வந்தவர், இரண்டு வருடமாக எங்கள் கூடத்துச் சோபாவில் படுத்திருந்தார். நல்ல மனிதர். காலைக் கொஞ்சம் மடக்கியிருந்தால் நானும் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். என் தொழிலைப் பற்றி மட்டும் தங்கையிடம் சொல்லிச் சிரிப்பார்.

"மாப்பிள்ளை தண்ணியைப் பாலாக்குற வித்தைக்காரரும்மா. காபிக்கு ஆகுமான்னு கேளு."

அவளும் விழுந்து விழுந்து சிரிப்பாள். என் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்ததில்லை. இதை ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன், காரணமாக அல்ல.

காரணம் வேறு. நாள் முழுக்க அசையாமல் கிடக்கிறவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? வெறும் பழக்கத்தை வைத்து. முகர்ந்து பார்த்து அம்மோனியா என்று எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி தையல்காரரிடம் போயிருந்தாள். சுண்ணாம்பு நீரும் ஒரு உறிஞ்சு குழலும் கொண்டுபோய் மச்சானிடம் நீட்டினேன். உயிருள்ளவர் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு இருக்கும். சுண்ணாம்பு நீர் பால் போல வெளுக்கும். எட்டாம் வகுப்புப் பாடம்.

"படுத்துக்கிட்டே ஊதலாமா மாப்பிள்ளை?"

"தாராளமா ஊதுங்க மச்சான்."

ஊதினார். முடிவில் பார்த்தேன், நீர் பளிங்கு போலத் தெளிவாக இருந்தது.

"என்ன ரிசல்ட்டு?"

"நீங்க இறந்துட்டீங்க மச்சான்."

"அப்பாடா. இனிமே யாரும் வேலைக்குப் போகச் சொல்ல மாட்டாங்க."

வீட்டுக்குப் பின்னால் எலுமிச்சைக் கன்று நட ஒரு குழி வெட்டி வைத்திருந்தேன். கன்றுக்குச் சற்றுப் பெரிய குழிதான். படுத்துப் பார்க்கிறீர்களா என்றேன். வெயில் காலம். விளையாட்டு என்று நினைத்து அவராகவே இறங்கிப் படுத்தார். "குளுகுளுன்னு இருக்கு மாப்பிள்ளை" என்று கண்ணையும் மூடிக்கொண்டார். நான் கால் பக்கத்திலிருந்து மண்ணைத் தள்ள ஆரம்பித்தேன். மார்பு வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு, "வாயில விழுது மாப்பிள்ளை, போதும், தூக்கி விடுங்க" என்றார். பேச்சு எந்தப் பாடப்புத்தகத்திலும் உயிருக்கான சோதனையாகச் சொல்லப்படவில்லை. எழுந்திருக்க அவர் முயலவே இல்லை என்று சொல்ல மாட்டேன். முயன்றார். எல்லா வேலையையும் போல அதையும் தாமதமாகத்தான் ஆரம்பித்தார்.

மனைவி வந்து, "அண்ணன் எங்கங்க?" என்று கேட்டாள். சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த நான் உள்ளதைச் சொன்னேன். அவள்தான் உங்களைக் கூப்பிட்டாள்.

இப்போது, இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும் உங்கள் பெண் காவலர் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்: "சார், ரொம்ப நேரம் ஊதினா வெளுத்த தண்ணி திரும்பத் தெளிஞ்சிடும்ல? நடுவுல வெளுத்துச்சா?"

நல்ல கேள்வி. என் வகுப்பில் இதைக் கேட்டவர்கள் குறைவு.

வெளுத்ததம்மா. கொஞ்சம் ஊதியதுமே பால் போல வெளுத்தது. மச்சான் குழலை எடுத்துவிட்டு, "வந்துடுச்சு பாருங்க, போதுமா?" என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. எனக்காக அவர் சிரமப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. போதாது, இன்னும் ஊதுங்கள் என்றேன். தெளிகிற வரைக்கும் நிறுத்த விடவில்லை. கடைசியில் கண்ணுக்குத் தெரிவதைத்தானே, அம்மா, முடிவாக எடுத்துக்கொள்ள முடியும்.