நீள மூக்குப் பிளக்குகள்

டீயில் சர்க்கரை சரியாக இருக்கிறது, பாஷா. போலீஸ் நிலையத்தில் இவ்வளவு நல்ல டீ கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

என் மகள் நவாரா கொண்டுவந்து உங்கள் மேசைமேல் வைத்த நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் பார்த்தேன். நான் மாட்டியவைதான், மறுக்கமாட்டேன். ஆனால் ‘மெக்கானிக்கின் கவனக்குறைவு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். முப்பத்தொரு வருஷமாக இந்தப் பாலைவனக் கார்காவில் பட்டறை வைத்திருக்கிறேன். இந்தத் தியாப் கவனமில்லாமல் பிளக் மாட்டினான் என்று இந்த ஊரில் ஒருவன் சொல்ல முடியாது.

பிளக்கில் சூடு, குளிர் என்று இரண்டு வகை. உள்ளே இருக்கும் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். குட்டையாக இருந்தால் சீக்கிரம் வெளியே தள்ளிவிடும். பழைய எஞ்சின் ஆயில் குடிக்கும். ஊருக்குள்ளேயே உருட்டுகிற வண்டியில் ஆயில் கரி பிளக்கில் அப்பிக்கொண்டு, காலையில் ஸ்டார்ட் ஆகாமல் உயிரை வாங்கும். நீள மூக்கு மாட்டினால் கரி தானே எரிந்துபோகும். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம்.

அதே வண்டியில் வீட்டுச் சாமானை ஏற்றி, ஜூலை வெயிலில், அசியூத் சாலை மேட்டில் ஏற்றினால் கதை வேறு. நீள மூக்கு பழுத்துப்போய், நேரம் வரும் முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும். எஞ்சின் கொதிக்கும். விடாமல் ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும். அந்தப் பயணத்துக்குக் குட்டை மூக்குதான் சரி. என் அலமாரியில் புதுசாகவே நான்கு இருந்தன.

மருமகன் ஷாஸ்லிக்கு இதெல்லாம் தெரியாது. அவன் பூகோள வாத்தியார். உலகத்து ஆறுகளையெல்லாம் ஒப்பிப்பான், ரேடியேட்டர் மூடி எது என்று என்னைக் கேட்பான். கெட்டவன் இல்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம் என் வீட்டு மாடியில்தான் இருந்தார்கள். என் மனைவி இறந்துபோன பிறகு அந்த வீட்டில் சத்தம் என்று ஒன்று இருந்ததே அவர்களால்தான். அப்புறம் அவனுக்கு அசியூத்துக்கு மாற்றல் வந்தது. கேட்டு வாங்கிய மாற்றல் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நவாரா பெட்டி கட்டும்போது பாடிக்கொண்டே கட்டினாள். “அப்பா, ஜன்னலைத் திறந்தா நைல் தெரியுமாம். இந்த மண்ணையும் புழுதியையும் பார்த்துப் பார்த்து என் கண்ணே பூத்துப்போச்சு.”

எனக்குப் பயமாக இருந்தது, பாஷா. காலியான வீட்டைப் பார்த்து வந்த பயம். அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கிளம்புவதாக இருந்தார்கள். தொழுகை முடித்துச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று நான்தான் நிறுத்தினேன். முயல் கறி, முலூகியாக் கீரை. நன்றாகச் சாப்பிட்டார்கள். உச்சி வெயிலில் வண்டி புறப்பட்டது. என் கணக்கு எளிமையானது. மேட்டில் பாதியிலேயே வண்டி கொதித்து நிற்கும். கீழே சோதனைச் சாவடி இருக்கிறது, உருட்டிக்கொண்டு இறங்கிவிடலாம். இந்த வண்டி அசியூத் வரை தாங்காது என்று அவர்களுக்கே புரிந்துவிடும். நான் யாரையும் கொல்ல நினைக்கவில்லை.

ஷாஸ்லி இவ்வளவு பிடிவாதக்காரன் என்று யாருக்குத் தெரியும். நின்று நின்று மேட்டைத் தாண்டிவிட்டான். எஞ்சின் கொதித்ததும் குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் ரேடியேட்டரில் ஊற்றியிருக்கிறான். கோளாறு பிளக்கில், தண்ணீர் ரேடியேட்டரில். மேட்டுக்கு அப்பால் பிஸ்டன் ஓட்டையாகி வண்டி நின்றபோது மிச்சம் ஒரே ஒரு பாட்டில்.

எங்கள் சாலையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி நின்றுபோனால் எதிரே வருகிறவனிடம் சேதி சொல்லி அனுப்புவார்கள். சொன்ன சேதி போய்ச் சேராமல் இருந்ததில்லை. அசியூத்திலிருந்து வந்த பஸ் டிரைவர் அத்வா நிறுத்தி, இருவரையும் ஏறச் சொன்னான். ஷாஸ்லி மறுத்துவிட்டான். சாமானை நடுச்சாலையில் விட்டுவிட்டு எப்படி வருவான். அவனை விட்டு நவாராவும் வரவில்லை.

பிற்பகல் அசர் தொழுகை முடிந்து நான் வெளியே வரும்போது அத்வா பள்ளிவாசல் வாசலில் நின்றான். “உஸ்தா தியாப், உங்க மாப்பிள்ளை வண்டி மேட்டுக்கு அந்தாண்ட செத்துக் கிடக்கு. கயிறு எடுத்துட்டு ஓடுங்க. கையில தண்ணி இல்ல.”

“போறேன், போறேன்” என்றேன்.

அத்வா போன வருஷமே லிபியாவுக்குப் போய்விட்டான், கேட்க ஆளில்லை. சேதி சூரியன் மறைந்து மக்ரிபுக்குத்தான் வந்தது என்று நவாராவிடம் சொல்லியிருக்கிறேன். அவளும் உங்களிடம் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருப்பாள். அதை மாற்றிக்கொள்ளுங்கள். அசர்.

பட்டறைக்குப் போனேன். கயிற்றை எடுத்து என் வண்டியில் போட்டேன். பிறகு உட்கார்ந்தேன். உடனே போய் நின்றால் என்ன நடக்கும் என்று யோசித்துப்பாருங்கள், பாஷா. இழுத்து வருவேன், பிஸ்டன் மாற்றுவேன், அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் வெயில் பட்டால் புத்தி வரும் என்று நினைத்தேன். சூரியன் இறங்கும்வரை ஒரு கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன்.

அதற்குள் இரண்டு லாரிகள் அவர்களைப் பார்த்து நின்றிருக்கின்றன. ஷாஸ்லியே இரண்டையும் அனுப்பிவிட்டான். “நீங்க போங்க, எங்க மாமா வந்துட்டே இருக்காரு” என்றானாம். தண்ணீர்கூடக் கேட்டு வாங்கவில்லை. நவாராதான் இதை என்னிடம் சொன்னாள், ஒரே ஒரு தடவை. மிச்சமிருந்த பாட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டு, வண்டியை நிழலுக்குத் தள்ளப் பார்த்திருக்கிறான். அங்கே எங்கே நிழல். நான் போனபோது அவன் தலை அவள் மடியில் இருந்தது. சுவாசம் நின்று நேரமாகியிருந்தது. என்னைப் பார்த்ததும், “அப்பா, வந்துட்டீங்களா” என்றாள். எனக்கு அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது.

அது முடிந்து ஒரு வருஷம். அவள் என்னோடுதான் இருக்கிறாள். நான் வெளியே போகும்போது வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு போவேன், விதவைப் பெண் தனியாக இருக்கிறாளே என்று. இன்று நான் தொழுகையில் இருந்தபோது பூட்டை உடைத்து வெளியே வந்தாள் என்கிறீர்கள். பழைய பூட்டு அது. முற்றத்தில் நின்ற அவர்கள் வண்டியிலிருந்து பிளக்கைக் கழற்றியதும் அவள்தானாம். பதினாறு வயதிலேயே பிளக்கின் நிறம் பார்த்து எஞ்சின் நோயைச் சொல்லுவாள், கெட்டிக்காரி.

ஆக, பிளக் தெரிந்தே மாட்டியது. சேதி அசருக்கே வந்தது. நான் தெரிந்தே போகவில்லை. இப்போது சரியாக இருக்கிறது, கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், பாஷா. நவாரா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குத் தனியாக எங்கேயும் போய்ப் பழக்கமில்லை. சீக்கிரம் முடித்துவிட்டால் நானே அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.