கம்பெனியில் வந்த மாதிரியே

பழைய சொகுசுக் கார் வாங்குவதில் ஒரு சௌகரியம் உண்டு. முதல் சொந்தக்காரர் எப்படிப்பட்ட ஆள் என்பதை வண்டியே சொல்லிவிடும். மெத்தை சீட்டுக்கும் பாட்டுப்பெட்டிக்கும் பணத்தைக் கொட்டியவரா, இல்லை ஓட்டத் தெரிந்து கம்பெனியிடமே ‘ஸ்போர்ட் பேக்கேஜ்’ கேட்டு வாங்கியவரா என்று, குனிந்து அடியில் ஒரு பார்வை பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். என் சாம்பல் நிற வண்டி இரண்டாவது வகை. என்னிடம் வருவதற்கு முன் அது பல கை மாறியிருந்தது. ஆனால் யாரும் அதன் அடிப்பகுதியை நோண்டவில்லை. அதனால்தான் வாங்கினேன்.

நீங்கள் கேட்டது என் தங்கையைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன், சார். இது புரியாமல் அது புரியாது.

ஸ்போர்ட் பேக்கேஜ் என்றால் வெறும் பளபளப்பு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், வளைவில் வண்டி சாயாமல் இருக்க இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் இரும்புக் கம்பி, எல்லாவற்றையும் கம்பெனிக்காரர்கள் சேர்த்தே முடிவு செய்கிறார்கள். முன்பக்கம் எவ்வளவு இறுக்கமோ அதற்குத் தக்கபடி பின்பக்கம். வெளியே கடையில் ஒன்று ஒன்றாக வாங்கி மாட்டுவது, சட்டையை ஒரு தையற்காரரிடமும் கையை இன்னொரு தையற்காரரிடமும் தைக்கக் கொடுப்பது மாதிரி. இதை நான் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறேன்.

என் கார் பட்டறைக்கு எதிர்வரிசையில் அப்படி மாட்டிக்கொடுக்கும் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரனை ஊரே ‘ஸ்பிரிங்’ என்றுதான் கூப்பிடும். பெற்ற தாய்கூட அப்படித்தான் கூப்பிடுவாள் என்று நினைக்கிறேன். சிவப்புப் பெயின்ட் அடித்த எதையும் வண்டிக்கு அடியில் மாட்டிவிட்டு, ‘ரேஸ் வண்டி ரெடி’ என்பான். என் வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் சாலையைக் கடந்து அவனிடம் போனார்கள். போகட்டும் என்று இருந்தேன்.

தங்கையின் கணவர் டைல்ஸ் வியாபாரம் செய்கிறார். என் வண்டி மாதிரியே ஒன்று வேண்டும் என்றார். நான் வேலையை விட்டுவிட்டு அலைந்து, ஸ்போர்ட் பேக்கேஜ் உள்ள வண்டி ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதற்குள் அவர் வேறொரு வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அதே மாடல்தான், ஆனால் சாதாரண ரகம். வெள்ளை நிறம் தங்கைக்குப் பிடித்திருந்ததாம். அதோடு விட்டாரா? நேரே ஸ்பிரிங்கிடம் கொடுத்து, அடிப்பகுதி முழுக்க மாற்றிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

“மாப்பிள்ளை, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?” என்றேன்.

“கேட்டா நீங்க வேண்டாம்னு சொல்லுவீங்க மச்சான், அதான் கேக்கல” என்று சிரித்தார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மலைக்குப் போன நாளைத்தான் பொறுக்க முடியவில்லை.

மலைமேல் எங்களுக்கு ஒரு பழைய வீடு இருக்கிறது. ஒரு விடுமுறையில் இரண்டு வண்டியிலும் கிளம்பினோம். என் வண்டியில் அப்பா, வெள்ளை வண்டியில் அவர்கள் இருவரும். தங்கைதான் ஓட்டினாள். அவளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தது நான். என் சாம்பல் வண்டியில், அதே சாலையில். அடிவாரத்தில் நேர்சாலை முடிகிற இடத்தில் ஒரு நீண்ட வளைவு வரும், நீங்களே பார்த்திருக்கிறீர்கள். வெளிப்பக்கம் கைவிட்ட கல்குவாரி. அங்கே பிரேக் தொட்டுத்தான் திருப்ப வேண்டும் என்று அவளுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அன்று நான் பிரேக் தொட்டேன். அவள் தொடவில்லை. கோடு கிழித்தது போலத் திரும்பி, வளைவு முடிந்த ஏற்றத்தில் என்னைக் கடந்து போனாள். போகும்போது கையை வேறு ஆட்டினாள்.

அப்பா வீடு வரும் வரை சிரித்துக்கொண்டே வந்தார். எல்லோரும் டீயும் கையுமாக உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

“கம்பெனி கம்பெனின்னு உயிர விட்டியேடா, உன் தங்கச்சியே உன்ன ஓரங்கட்டிட்டாளே!”

தங்கை எழுந்து வந்து சாவியை என் மடியில் போட்டாள். “அண்ணா, கோச்சுக்காத. ஒரே ஒரு தடவ ஓட்டிப் பாரேன். உனக்கே தெரியும்.”

ஓட்டிப் பார்த்தேன். கீழே அந்த வளைவு வரை தனியாகப் போய் வந்தேன். திரும்பி வந்து, “பரவாயில்ல, கொஞ்சம் துள்ளுது” என்றேன்.

அது துள்ளவில்லை. வாக்குமூலம் என்று வந்துவிட்ட பிறகு அதையும் சொல்லிவிடுகிறேன். என் வண்டியைவிட அது நன்றாகத் திரும்பியது. ஸ்பிரிங் குருட்டாம்போக்கில் மாட்டியது எப்படியோ பொருந்திவிட்டது. பொருந்திய விதம் அவனுக்கே தெரியாது, அதனால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

கோபமா என்று கேட்டீர்கள். ஆமாம், கோபம்தான். வயிறு எரிந்தது. நான் தூக்கி வளர்த்த பெண், நான் சொல்லிக்கொடுத்த கையை வைத்து, எவனோ மாட்டிய சாமான்களோடு வந்து, அப்பா முன்னால் என் மூக்கை உடைத்தாள். உடைத்த பிறகு கோபித்துக்கொள்ளாதே என்றும் சொன்னாள். அந்த ‘கோச்சுக்காத’ இருக்கிறதே, அதை இன்றைக்கும் என்னால் செரிக்க முடியவில்லை.

பிறகு ஒருநாள் வெள்ளை வண்டி என் பட்டறைக்கு வந்தது. பின்பக்க பிரேக் தேய்ந்திருந்தது. சலுகை வேண்டுமென்றால் அண்ணன், பெருமை வேண்டுமென்றால் ஸ்பிரிங். வண்டியை மேலே தூக்கினேன். பின்சக்கரங்கள் இரண்டையும் இணைத்து அந்த ஸ்பிரிங் பயல் மாட்டிய கம்பி தெரிந்தது. தடியாக, சிவப்பாக, பல்லை இளித்துக்கொண்டு.

பிரேக்கை மாற்றினேன். அதன்பின் அந்தச் சிவப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு, சாதாரண ரகத்துக்குக் கம்பெனி கொடுக்கும் மெல்லிய கம்பியை மாட்டினேன். அசல் சாமான், புது போல்ட், அளவான இறுக்கம். முன்பக்கத்தைத் தொடவில்லை. அங்கே அவன் மாட்டிய தடிக்கம்பி அப்படியே இருந்தது. முன்னால் இறுக்கம், பின்னால் தளர்வு. அப்படி ஒரு வண்டி தெருவுக்குள் சாதுவாக இருக்கும். நேர்சாலையில் ஒரு வித்தியாசமும் காட்டாது. வேகமான வளைவில் மட்டும், ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டியின் மூக்கு திரும்பாமல் வெளிப்பக்கமாகவே போகும். நானே ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. சிவப்புக் கம்பி என் கம்ப்ரஸருக்குப் பின்னால் சாக்கில் சுற்றிக் கிடக்கிறது, ஆள் அனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம்.

கொஞ்சம் பயந்து போகட்டும் என்றுதான் செய்தேன். வண்டி ஒரு இழுப்பு இழுக்கும், அவள் வெலவெலத்துப் போய் வந்து, ‘அண்ணா, நீ சொன்னதுதான் சரி’ என்பாள். அவ்வளவுதான் நினைத்தேன்.

சாவி வாங்க அவளே வந்தாள். மாப்பிள்ளை வெளியே போன் பேசிக்கொண்டு நின்றார்.

“எல்லாம் சரியா இருக்காண்ணா?”

“கம்பெனியில வந்த மாதிரியே இருக்கு” என்றேன். அது பொய்யில்லை. பின்பக்கத்தைப் பொறுத்தவரை முழு உண்மை.

“அப்ப நேரா மலைக்குக் கிளம்பறோம். நீயும் வாயேன், இந்தத் தடவ உன்ன முன்னால விடறேன்” என்று சிரித்தாள்.

எனக்கு வேலை இருப்பதாகச் சொன்னேன்.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் சொன்ன வார்த்தை, “அவ சரியாத்தான் திருப்பினா, வண்டி திரும்பல” என்பது. அதைக் கேட்டுத்தான் நீங்கள் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். அவன், ‘பின்னால் இருக்கும் கம்பி நான் மாட்டியது இல்லை, நான் மாட்டியது சிவப்பு’ என்று அழுதிருக்கிறான். நீங்கள் நம்பவில்லை. நான் பேசாமல் இருந்திருக்கலாம். குவாரியிலிருந்து வண்டியைத் தூக்கியபோது உங்கள் வாகனப் பரிசோதகர் அடியில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, என் காதுபடச் சொன்னார்: “யார் செஞ்சிருந்தாலும் பின்பக்க வேல ரொம்ப சுத்தம். அந்த ஸ்பிரிங்குக்கு இவ்வளவு நறுவிசா கை வரும்னு நினைக்கல.”

ஒரு நிரபராதி உள்ளே கிடக்கக் கூடாது என்றுதான் வந்தேன். ஆனால் அவன் ஜென்மத்துக்கும் ஒரு போல்ட்டை அப்படி இறுக்கியிருக்க மாட்டான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வேலை என்னுடையது.

பயமுறுத்த மட்டும்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவள் மலைக்குப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். அவள்தான் ஓட்டுவாள் என்றும் தெரியும். குவாரி வளைவில் பிரேக்கைத் தொட மாட்டாள் என்றும் தெரியும், அதை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். வெள்ளை வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தேன். கூப்பிட்டிருந்தால் கேட்கிற தூரம்தான். கூப்பிடவில்லை. கைபேசி சட்டைப்பையில்தான் இருந்தது. உள்ளே போய்க் கையைக் கழுவினேன்.

அப்பா என்னிடம் பேசுவதில்லை. பரவாயில்லை, அவருக்கு ஒருநாள் புரியும். கம்பெனியிலிருந்தே ஸ்போர்ட் பேக்கேஜோடு வந்த வண்டியில் போயிருந்தால் என் தங்கை இன்று உயிரோடு இருந்திருப்பாள், சார். அதைத்தானே நான் ஆரம்பத்திலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.