கமக்கட்டில் ஒரு துவாய்

– ...இல்லை ஜசிந்தா அக்கா, நான் கன நேரமா வேலியாலை பாத்துக்கொண்டு நிக்கிறன். சைக்கிள் ரியூப்பை யன்னல் கம்பியிலை கட்டி ஆரை இழுக்கிறியள்?

– ஒருத்தரையும் இல்லை நிமலினி. தோள் நோ. அதுக்கு அப்பியாசம்.

– கமக்கட்டுக்கை ஏன் துவாய்?

– அது விழாமல் இழுக்க வேணும். முழங்கை விலாவை விட்டு விலகக் கூடாது. முன்னங்கை மட்டும் வெளியாலை போகும்... கதவு திறக்கிற மாதிரி. பிறகு ஆறுதலா திரும்பி வரும்.

– இவ்வளவுதானோ? வலை இழுக்கிற வீட்டிலை உது ஒரு வேலையே?

– இவரும் அப்பிடித்தான் நினைச்சு மோட்டச்சைக்கிள் ரியூப்பைக் கட்டி, வலை இழுக்கிற இழுவை இழுத்தவர். நோ கூடிப்போச்சு. கிளினிக்கிலை அப்பியாசம் சொல்லிக்குடுக்கிற பிள்ளை நல்லாப் பேசிப்போட்டுது. தோளைச் சுத்தி நாலு சின்னத் தசையாம். எலும்பைக் குழியிலை பிடிச்சு வைச்சிருக்கிறது அதுகள்தானாம். அதுகளுக்கு மெல்லிசு ரியூப் காணுமாம்.

– அப்ப நோ சில்வெஸ்ரர் அண்ணைக்கோ?

– ...ரெண்டு பேருக்கும் எண்டு வையுமன்.

– உங்களுக்கு என்னெண்டு வந்தது?

– மா இடிச்சு.

– நீங்கள் மில்லிலை எல்லோ திரிக்கிறனீங்கள்.

– உமக்கு அடுப்பிலை ஒண்டும் இல்லையே?

– புட்டு அவிச்சு வைச்சிட்டுத்தான் வந்தனான். பொறுங்கோ, உள்ளை வாறன். தாங்கோ, நானும் ஒருக்கா... ஸ்ஸ்.

– ஏன் முகம் சுளிக்கிறீர்?

– கிணத்திலை தண்ணி அள்ளினது... அதை விடுங்கோ. அண்ணைக்கு எப்ப சுகம் வருமாம்?

– மூண்டு மாசம் செல்லும். அதுக்குள்ளை வெடுக்கெண்டு எதையும் இழுத்தால் தசைநார் அறுந்திடுமாம். போட் எஞ்சினை ஸ்ராட் பண்ணுற கயிறைத் தொடவே கூடாதாம்.

– ஆனால் உங்கடை போட் ஒவ்வொரு விடியவும் போகுதே. கயிறு ஆர் இழுக்கிறது? கூலிக்கு ஆள் பிடிச்சனீங்களோ?

– பிடிச்சால் ஊருக்குத் தெரிஞ்சிடும். சில்வெஸ்ரருக்குக் கை ஏலாதெண்டு கேள்விப்பட்டால், போட்டுச் சொந்தக்காரச் சம்மாட்டி அதை வேறை ஆளிட்டைக் குடுத்திடுவார்.

– அப்ப...?

– ஒருத்தருக்கும் சொல்லமாட்டனெண்டு அந்தோனியாரிலை சத்தியம் பண்ணும்.

– பண்ணினன்.

– நான்தான் போறனான். அவரின்ரை சேட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு. கயிறு நான் இழுப்பன், ஓட்டுறது அவர். என்ரை தோளும் போச்சுதெண்டால்... அதுதான் இந்த ரியூப்.

– தெரியும் அக்கா. போன வெள்ளி அனலைதீவுப் பக்கம் உங்கடை தொப்பிக்குக் கீழை கொண்டை தெரிஞ்சது.

– கடலிலையோ? நீர் அங்கை எங்கை நிண்டனீர்?

– பக்கத்துப் போட்டிலை. என்ரை மனுசன் றொஜனின்ரை தொப்பியோடை. அவருக்கும் கை தூக்க ஏலாது அக்கா... அந்த ரியூப்பிலை எனக்கும் ஒரு முழம் வெட்டித் தாங்கோ.