பித்தளையில் கோளாறில்லை

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு டீ ஊற்றக்கூடத் தெரிவதில்லை. கோப்பை நிறைய ஊற்றிவிட்டீர்கள், தம்பி. எங்கள் காலத்தில் பிஷ்கெக்கில் இப்படி ஊற்றினால், எழுந்து போ என்று அர்த்தம். இருக்கட்டும், குடிக்கிறேன்.

என் பெயர் ஷார்ஷென். ஆயுதத் தொழிற்சாலையில் லேத் ஓட்டினவன். அதை மூடிய பிறகு மிர்லானோடு சேர்ந்து பேஸ் கிடார் செய்தேன். மரவேலை அவனுடையது, உலோகம் என்னுடையது. தந்தியைத் தாங்குகிற பித்தளை பிரிட்ஜ், அதை முறுக்கும் சாவி, எல்லாம் என் லேத்தில் பிறந்தவை. ஒவ்வொரு பிரிட்ஜின் அடியிலும் சின்னதாக ஆட்டுக்கொம்பு முத்திரை அடிப்பேன்.

போன இலையுதிர்காலத்தில் அல்மாட்டியிலிருந்து பேஸ் வாசிக்கிற ஒருவன் கிடார் வாங்க வந்தான். பிரிட்ஜைத் தடவிப் பார்த்து, "யாரு செஞ்சது இது?" என்றான். நான் பக்கத்தில்தான் அரத்தோடு நின்றேன்.

"ஜெர்மனிலருந்து வரவழைக்கிறோம்" என்றான் மிர்லான்.

"அப்ப இந்தப் பெரியவரு?"

"இவரா? கூட்டிப் பெருக்குறவரு."

அவன் போனதும் மிர்லான் என் தோளைத் தட்டினான். "கோவிச்சுக்காதண்ணே. உன் மூஞ்சியப் பாத்தா அவனுக்கு ஆட்டுச்சந்தைதான் ஞாபகம் வரும். அப்புறம் எவன் வாங்குவான்?"

சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு அலமாரியில் இருந்த பிரிட்ஜ்களைக் கவிழ்த்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கொம்பைத் தேய்த்து எடுத்திருந்தான்.

புதுக் கிடாரை முதலில் அவன்தான் வாசிப்பான். ஸ்பீக்கரை என் லேத்தின் மேல் ஏற்றி, நெற்றியை எர்த் கொடுத்த அந்த இரும்பில் ஒட்டிக்கொண்டு வாசிப்பான். கனத்த சுரம் எலும்பில் கேட்க வேண்டுமாம். எங்கள் ஆம்ப்ளிஃபயர் பழைய சோவியத் சரக்கு. பிளக்கைத் திருப்பிச் செருகினால் அதன் உடம்பெல்லாம் மின்சாரம் ஏறும். அங்கிருந்து தந்திக்கும் வரும். தப்பாகச் செருகிவிடக் கூடாதென்று பிளக்கின் மேற்பக்கம் சிவப்புப் பெயின்ட் வைத்திருந்தோம். தந்திக்கு மின்சாரம் வராமல் தடுக்கக் கிடாருக்குள் ஒரு சின்னக் காப்பும் வைப்போம்.

அடுத்த கிடார் முடிந்த அன்று, அதன் காப்பைக் காலையிலேயே எடுத்துவிட்டேன். அவன் கைகழுவப் போனபோது பிளக்கைத் திருப்பினேன்.

ஈரக் கையோடு வந்து உட்கார்ந்தான். "கேளுண்ணே, இது பேசும்" என்றான். முதல் சுரத்திலேயே நெற்றி இரும்பைவிட்டு வரவில்லை. அவனால் கத்தவும் முடியவில்லை. என் கையில் பாதி அராவிய துண்டு ஒன்று இருந்தது. நடுவில் விட்டால் தழும்பு விழும். முடித்து, துடைத்து வைத்துவிட்டுத்தான் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

அவன் செத்த நாற்பதாம் நாள் சடங்கன்று அவன் மனைவி நுர்கிஸ் எனக்குப் பொரித்த ரொட்டி கொண்டுவந்தாள். "நீங்க மட்டும் கரண்டை நிறுத்தலேன்னா முகங்கூட மிஞ்சியிருக்காது, மாமா" என்று என் கையைப் பிடித்து அழுதாள். ரொட்டி நன்றாக இருந்தது.

மனசு உறுத்தி நான் இங்கே வரவில்லை. ஜெர்மன் பிரிட்ஜில் கோளாறு, அதனால்தான் விபத்து என்று உங்கள் நிபுணர் சொன்னாராம். அது ஜெர்மன் இல்லை, நான் செய்தது. கோளாறும் இல்லை. என்ன நடந்தது என்று முழுதாகச் சொன்னால்தானே அது உங்களுக்கு விளங்கும். சொல்லிவிட்டேன்.

வருத்தமில்லையா என்று கேட்கிறீர்கள். நான் தொட்டது பிளக்கை. நெற்றியை வைத்தது அவன். கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் பேனா. லாக்கப் அறை எந்தப் பக்கம்? கையைப் பிடிக்க வேண்டாம், நானே நடப்பேன். நீங்கள் எத்தனை முறை சொன்னாலும், நான் ஒருவனைக் கொன்றதாக எனக்குத் தோன்றவில்லை.