ஆறு எண்ணுக்குள் அடங்கிய மாநகரம்

சாரல் இரைச்சலையும் மீறித் தமிழ் கேட்கக் கூடியிருக்கும் இந்தக் குற்றாலத்து அவைக்குத் தலைமை தாங்கும் வழக்கறிஞர் பெருந்தகை மகாதேவன் அவர்களே! வரவேற்புரையிலேயே எங்களை நனைத்துவிட்ட தலைமையாசிரியர் முத்துவடிவு அம்மையார் அவர்களே! காலை முழுக்க அருவிக்கரையில் ஊரார் உடம்புக்கெல்லாம் எண்ணெய் தேய்த்துவிட்டு, கை துடைத்த துண்டோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணாச்சிமார்களே! புளியறையில் லாரியை ஓரங்கட்டிவிட்டு வந்திருக்கும் ஓட்டுநர் தோழர்களே! இடுப்பில் பிள்ளையும் கையில் குடையுமாக நிற்கும் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த அனுசியாவின் பணிவான வணக்கம்.

மாநகரத்தை அஞ்சல் எண்கள் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பதுதான் எனக்குத் தந்த தலைப்பு. சொல்லி வாய் மூடவில்லை, பின்வரிசையில் நாலு பேர் எழுந்துவிட்டார்கள்! ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது, நானும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கொஞ்சம் உட்காருங்கள், அண்ணாச்சி.

ஒரு கோடி மக்கள் நெருக்கியடித்து வாழ்கிற ஊர் சென்னை. அந்தச் சென்னையைக் கூறு போட்டு வைத்திருக்கிறார்களே, எதைக் கொண்டு போட்டார்கள்? கல் நட்டார்களா? கம்பி கட்டினார்களா? காவல் வைத்தார்களா? எதுவும் இல்லை! வெறும் எண்களைக் கொண்டு போட்டார்கள். மாம்பலத்தில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நின்றால் நீங்கள் சென்னைப் பதினேழு. படி ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் சென்னை முப்பத்து மூன்று! கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டை ஒரு நாளில் எத்தனை ஆயிரம் கால்கள் மிதிக்கின்றன! ஒரு காலுக்காவது வலித்திருக்குமா?

இன்னொரு விந்தை கேளுங்கள். அந்த எண்கள் வரிசையாகவும் நிற்பதில்லை. மயிலாப்பூர் நாலு. அதற்கு அடுத்து ஐந்து இருக்கும் என்று போனால், மந்தைவெளியில் இருபத்தெட்டு உட்கார்ந்திருக்கிறது! நகரம் பெருகப் பெருக, புதுப்புது அஞ்சலகம் பிறக்கப் பிறக்க, அடுத்தடுத்த எண்ணைக் கொடுத்துக்கொண்டே போனார்கள். பந்திக்குப் பிந்தி வந்தவருக்கு எங்கே இலை கிடைத்ததோ அங்கே உட்கார வைத்தது போல! ஆனாலும் ஒரு பருக்கை சிந்தவில்லை. நினைக்க நினைக்க எனக்கு மலைப்பாக இருக்கிறது.

நம் ஊர்க் கணக்கு மட்டும் இளைத்ததா? தென்காசி தனி மாவட்டம் ஆகிவிட்டது, தனி ஆட்சியர் வந்துவிட்டார். அஞ்சல் எண்ணைப் பாருங்கள்: இன்றும் அறுநூற்று இருபத்தேழில்தான் தொடங்குகிறது, திருநெல்வேலியோடு ஒட்டிக்கொண்டு! கேரள எல்லையில் புளியறைச் சாவடியில் லாரியை நிறுத்துவார்கள், சரக்கைப் பார்ப்பார்கள். ஆனால் முதல் எண்ணாகிய ஆறை நிறுத்த ஆள் உண்டா? அது தமிழ்நாட்டுக்கும் முதலெழுத்து, கேரளத்துக்கும் முதலெழுத்து. என்ன ஓட்டுநர் தம்பி, கை தட்டுகிறீர்கள்? உங்களையும் அப்படி விடச் சொல்லவா? அது என்னால் ஆகாது!

சிரித்தது போதும். இப்போது சொல்லப்போவது சிரிப்பதற்கு இல்லை.

அச்சன்புதூரில் உரக்கடை வைத்திருக்கிறார் பாண்டியராஜ். அவருடைய ஒரே மகள் ஷெர்லின் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனாள், தனி அறை எடுத்துத் தங்கினாள். புதிதாகப் போன பிள்ளை. ஒரு மாலை, "காய்ச்சலா இருக்குப்பா, எந்திரிக்க முடியல" என்றாள். பிறகு அழைத்தால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. பிறகு மணியும் அடிக்கவில்லை. அந்த மனிதர் மாற்றுச் சட்டைகூட எடுக்காமல் கிடைத்த பேருந்தில் ஏறிவிட்டார்.

கோயம்பேட்டில் இறங்கி ஆட்டோவில் உட்கார்ந்தவர் என்ன முகவரி சொன்னார் தெரியுமா?

"பிள்ளையார் கோயில் தெரு, அண்ணாச்சி கடை மாடி!"

சிரிக்காதீர்கள் தாய்மார்களே, இந்தத் தவறை நாமன்றி உலகில் யாரும் செய்ய முடியாது! நமக்கு ஒரு தெரு, ஒரு பிள்ளையார், ஒரு கடை. சென்னையிலோ தெருவுக்குத் தெரு மளிகைக்கடை வைத்தவர்களே நம் அண்ணாச்சிமார்கள் அல்லவா! ஆட்டோக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னா சார் நீ, மெட்ராஸ்ல தடுக்கி விழுந்தா ஒரு புள்ளையார் கோயில் தெரு. அண்ணாச்சி கடை இல்லாத தெருவு ஒண்ணு காட்டு பாக்கலாம்!"

தேடினார்கள். ஒரு தெருவுக்குப் போனார்கள், கடை இருந்தது, மாடி இருந்தது, மகள் இல்லை. "நமக்கு எந்த ஊரு? அச்சம்புதூரா? உள்ள வாங்க, காப்பி குடிச்சிட்டுப் போலாம்" என்றார் அந்தக் கடைக்கார அண்ணாச்சி. இன்னொரு தெருவுக்குப் போனார்கள். அங்கும் கடை, அங்கும் மாடி, அங்கும் காப்பி. மகளை மட்டும் காணோம்! ஒரு கோடிப் பேர் நடுவில் பெற்ற பிள்ளையைத் தொலைத்த தகப்பனுக்குத் தொண்டைக்குழியில் என்ன இறங்கும்?

நடுத்தெருவில் நின்றபடி மனைவி தங்கபுஷ்பத்தை அழைத்து அழுதார். "ஏட்டி, பிள்ளை எங்கன இருக்கான்னே தெரியலையே!"

அந்த அம்மாள் அழவில்லை. "அழாதிய. கிறிஸ்மஸுக்கு அச்சுமுறுக்கு அனுப்பையில கூரியர்க்காரன் நம்பர் இல்லாம பார்சலத் தொட மாட்டேன்னுட்டான்லா? பிள்ளைகிட்ட கேட்டு எழுதுனேன். மத்ததெல்லாம் மறந்துட்டு, கடைசி ரெண்டு நம்பர் மட்டும் நெனவிருக்கு, மூணு மூணு. அந்த ஆட்டோக்காரர்ட்டச் சொல்லுங்க."

"முப்பத்து மூணா? மேற்கு மாம்பலம் சார்! இத மொதல்லயே சொல்லக்கூடாதா?" வண்டியைத் திருப்பினார் ஆட்டோக்காரர். அவையோரே, எண்ணிப் பாருங்கள்! ஒரு கோடி மக்கள் கொண்ட கடல், இரண்டே இலக்கத்தில் ஒரு குளமாகச் சுருங்கிவிட்டது! குளத்தில் தேடினால் கிடைக்காதா? அங்கே பிள்ளையார் கோயில் தெரு, அந்தத் தெருவில் அண்ணாச்சி கடை, அதன் மாடியில் உள்ளே தாழிட்ட கதவு. கடைக்காரரும் தகப்பனும் ஆளுக்கொரு தோளால் இடித்துத் திறந்தார்கள். ஷெர்லின் தரையில் நினைவில்லாமல் கிடந்தாள். அந்த ஆட்டோவிலேயே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டெங்கு. "இன்னிக்குச் சாயங்காலம் தாண்டியிருந்தா கஷ்டம்" என்றார் மருத்துவர். பிள்ளை பிழைத்துக்கொண்டாள்.

நாடு பிரிக்கக் கோடு போட்டார்கள், சண்டை வந்தது. நிலம் பிரிக்கக் கோடு போட்டார்கள், வழக்கு வந்தது. தலைவர் அவர்களுக்குத் தெரியும், அவருக்கு அதுதானே பிழைப்பு! ஆனால் மாநகரத்தைப் பிரித்த இந்தக் கோடு எதற்கு? யாரையும் வெளியே நிறுத்துவதற்கு அல்ல. யாரும் தொலைந்து போகாமல் இருப்பதற்கு! மாளிகையில் இருப்பவனுக்கும் அதே எண், மாடியறையில் காய்ச்சலில் கிடப்பவளுக்கும் அதே எண். இத்தனை பெரிய கூட்டத்தில் எவனோ ஒருவன் உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் கண்டுபிடிக்க வழி செய்து வைத்திருக்கிறான் என்றால், அவனை நான் கைகூப்பாமல் என்ன செய்வேன்?

அங்கே குடை பிடித்து நிற்கும் அம்மா, உங்கள் மகன் எங்கே? மெட்ராஸில்தானே? மெட்ராஸில் எங்கே? பார்த்தீர்களா, விழிக்கிறார்கள்! அவரைக் கேட்பானேன். தலைவர் அவர்களே, தங்கள் மகன் வீட்டு அஞ்சல் எண்? சட்டப் புத்தகமெல்லாம் மனப்பாடம், மகன் வீட்டு எண் தெரியாது!

கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா, நீங்கள் சட்டைப்பையிலிருந்து போனை எடுப்பதே எனக்குப் போதும். அம்மா, நீங்களும் எடுங்கள். அந்த அண்ணாச்சியும் எடுக்கட்டும். என் பேச்சைக் கேட்டது போதும், பிள்ளைகளிடம் பேசுங்கள். பேசப் பணித்த மன்றத்தார்க்கும், மழையில் நின்று கேட்ட உங்களுக்கும் என் நன்றி. கை தட்ட வேண்டாம். அம்மாவுக்கு மகன் எடுத்துவிட்டான் போலிருக்கிறது, அவன் சொல்வது அவர் காதில் விழட்டும். வணக்கம்!